முப்பத்திரண்டாம் கட்டம்

ஜனவரி 4

அன்புள்ள பொடிசுக்கு,

மூன்று மாத ஆலோசனைக்குப் பிறகு, நேற்றுக் காலை பத்தே முக்கால் மணிக்கு நம் குடும்ப வரலாற்றில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்குவது. ஆதரித்து வாக்களித்தவன் நான். எதிர்த்து வாக்களித்தவர் உன் அண்ணி. சமமாகப் போனதால், தலைவர் என்ற முறையில் என் வாக்கை இரண்டாவது தடவையும் போட்டேன்.

அது போக, என் முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் சலவைக் கடையின் பெரிய மிஷின் ஓடும்போது நகர்கிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது எதுவரை வந்திருக்கிறது?

கருவி எளிமையானது. நீளமான கம்பு, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வளையம், காதில் மாட்டிக்கொள்ள இரண்டு மூடிகள். வளையத்தை மணலுக்கு மேலே வீசிக்கொண்டு நடக்க வேண்டும். அடியில் உலோகம் இருந்தால் கத்தும். உன் அண்ணி பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு? கத்துறதுக்கு வீட்ல ஆள் இல்லையா?" என்றாள்.

எதற்கு என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அப்பாவின் விசில்.

உனக்கு அப்போது ஏழு வயது. மறந்திருப்பாய். ஆகவே முறைப்படி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரான நம் அப்பாவுக்கு விளையாட்டு விழாவில் பரிசாக வந்த பித்தளை விசில், ஒரு பக்கம் ஓடுகிற மனிதன் ஒருவனின் உருவம் பொறித்தது. காலை ஐந்து மணிக்கு நீளமாக ஒன்று என்றால் எழ வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் பல் விளக்க வேண்டும். மூன்று என்றால் கொல்லையில் வரிசையாக நிற்க வேண்டும், நாம் இருவர் மட்டும் என்றாலும். பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம்மைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். நீந்தப் போகும்போது விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, "பத்திரம்" என்றார். திங்கட்கிழமை காலை அது என் கழுத்தில் இல்லை. எனக்குப் பதினொரு வயது.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அதன் பிறகு எதை யார் என்னிடம் நீட்டினாலும், "அவன்கிட்ட குடுக்காதே, தொலைச்சுடுவான்" என்றார், அவ்வளவுதான். எனக்கு நூலகர் வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்தவர்களிடம், "நாப்பதாயிரம் புத்தகத்தை இவனை நம்பி விட்டிருக்காங்க, பாவம்" என்றார். அன்று முதல் இன்றுவரை நான் ஒரு பேனா மூடியைக்கூடத் தொலைத்ததில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் கல்லாப்பெட்டிமேல் கிடந்தது. வேலை அதிகம். இங்கே எல்லோரும் நலம். மிஷின் சுவரை எட்டி நின்றுவிட்டது, இனிமேல் போக இடமில்லை. அண்ணியின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உன் முழங்காலுக்கு அந்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, அல்லது அதையும் அலமாரியில் எண் போட்டு அடுக்கிவிட்டாயா?

மறந்திருப்பாய் என்று எழுதியிருக்கிறாய். மறக்கவில்லை. அப்பா கடலுக்குள் போனதும் தலை மட்டும் தெரிந்தது, தேங்காய் மிதக்கிற மாதிரி. அம்மா நம் நாலு பேர் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அலை கொண்டுபோய்விடும் என்று. நீ முதுகை நேராக வைத்துக்கொண்டு, விசிலை ஒரு கையால் பொத்தியபடி, சிலை மாதிரி நின்றாய். மணல்வீடு கட்ட வா என்று கூப்பிட்டேன். "நான் டியூட்டில இருக்கேன்" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் உனக்கு, பக்கத்தில் நான். உன் சட்டையெல்லாம் உப்பு வாசனை.

அண்ணா, ஐம்பத்தைந்து வருஷம். உப்புத் தண்ணீரில் பித்தளை என்ன ஆகும் என்று சலவைக்காரிக்குத் தெரியாதா? வாடிக்கையாளர் பையில் மறந்துவிட்ட காசு ஒரே ஒரு தடவை ஊறினாலே பச்சை பிடித்துவிடுகிறது. நீ மணலில் இனிமேல் செய்யப்போகிற வேலையை நான் முப்பது வருஷமாகச் சட்டைப் பைகளில் செய்கிறேன். கிடைத்ததை ஒரு தகர டப்பாவில் போட்டு ஒரு வருஷம் வைப்பேன். கேட்டு வருகிறவர்கள் பத்தில் இரண்டு பேர். மற்றவர்கள் தொலைந்ததே தெரியாமல் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மோதிரம், காதணி என்று மற்றவர்கள் தேடுகிறதைத் தேடேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் தங்கை

பிப்ரவரி 18

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி நலம். எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது, எண் போட்டுத்தான். உங்கள் இருவரின் உடல்நலத்தையும் மிஷினின் உடல்நலத்தையும் அறிய ஆவல்.

ஒரு மாத வேலையின் பலன் இது. பாட்டில் மூடி 214. ஆணி 61. தகரத் துண்டு, எண்ண முடியவில்லை. கரண்டி 2. ஒரு பொம்மைக் கார், சக்கரம் மூன்று. ஒரு பல், தங்கம் கட்டியது. பல்லை இங்கே தினமும் வருகிற ஓய்வுபெற்ற பல் டாக்டரிடம் காட்டினேன். அவரும் ஒரு கருவி வைத்திருக்கிறார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம வேலை இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

நல்ல பலன் கிடைக்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். மெதுவாக நடக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக என்றால், பார்க்கிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்க வேண்டும். வளையத்தைத் தரையோடு ஒட்டி, தூங்குகிற குழந்தைக்கு விசிறுவது போல வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மறுபடி தொட வேண்டும். ஈர மணலில் உப்பே உலோகம் மாதிரிக் கத்தும், அங்கே கருவியின் காதைக் கொஞ்சம் மந்தமாக்கிக்கொள்ள வேண்டும். கனத்த குரல் வந்தால் இரும்பு, மெல்லிய குரல் வந்தால் செம்போ வெள்ளியோ, விக்கல் மாதிரி வந்தால் பாட்டில் மூடி. ஆனால் எந்தக் குரலையும் நம்பக் கூடாது, எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். "குப்பையை எடுக்காதவனுக்குத் தங்கம் வராது சார்," என்றார். அவர் இருபது ஆண்டில் பதினேழு மோதிரம் எடுத்திருக்கிறார். பதினேழிலும் யாரோ யாருக்கோ ஏதோ வாக்குக் கொடுத்த தேதி பொறித்திருக்கிறதாம்.

நான் அவரைப் போல மனம் போன போக்கில் நடப்பதில்லை. அன்று நாம் இருந்த இடம் கல்படிகளுக்கும் பழைய படகுக் கொட்டகைக்கும் நடுவே. கடல் அப்போதிருந்ததைவிட நாற்பது அடி பின்வாங்கியிருக்கிறது, ஆகவே அன்றைய ஈரமணல் இன்று காய்ந்து கிடக்கிறது. அதை நாற்பத்தெட்டுக் கட்டமாகப் பிரித்து, மூலைக்கு மூலை குச்சி நட்டு எண் எழுதியிருக்கிறேன். நூலகத்தில் ஒரு புத்தகம் அலமாரியில் இல்லை என்றால் உடனே தொலைந்தது என்று எழுத மாட்டோம். மூன்று முறை சரிபார்ப்போம். மூன்றிலும் இல்லை என்றால்தான் இல்லை. இங்கும் அதே விதி. கட்டத்துக்கு மூன்று முறை. இன்று பன்னிரண்டில் இருக்கிறேன்.

ஒரு பெண்மணி நேற்று நின்று பார்த்துவிட்டு, "என்ன தொலைச்சீங்க?" என்றார். "நான் எதையும் தொலைக்கல" என்றேன். அவர் கடலைப் பார்த்தபடி போய்விட்டார்.

இரவில் விழித்து வேலை செய்யாதே.

அண்ணன்

மார்ச் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

ஏப்ரல் பதினான்காம் தேதி அங்கே வருகிறேன், நாலு நாள் இருப்பேன். கடையை உன் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். மிஷின் நகராமல் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு இப்போது பழகிவிட்டது. காரணம் எதுவும் இல்லை. உங்களைப் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது, அதுவே காரணம்.

அந்த வாரம் எந்தக் கட்டத்தில் இருப்பாய்?

உன் தங்கை

ஏப்ரல் 24

அன்புள்ள பொடிசுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ போனதும் வீடு ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது. உன் அண்ணி இன்னும் டீயை மூன்று டம்ளரில் ஊற்றிவிட்டு, மூன்றாவதை யாருடைய தவறோ போலப் பார்க்கிறாள்.

நான்கு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அப்பா மாதிரி நீ விரலை வாயில் வைத்து விசிலடிக்க முயன்றதும், பல் டாக்டர் திரும்பிப் பார்த்து, "மேல் பல்செட்டைக் கொஞ்சம் தேய்ச்சா சரியா வரும்" என்றதும் உட்பட. கடைசி நாள் விடியற்காலையில் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கடற்கரைக்குப் போனாயே, அதுதான் புரியவில்லை. சின்ன வயதில் உன்னை எழுப்ப அப்பாவுக்கே இரண்டு ஊதல் தேவைப்பட்டது.

பஸ் ஏறும்போது ஒன்று கேட்டாய். "கிடைச்சா என்ன பண்ணுவே அண்ணா?" அங்கே பெட்டியைத் தூக்குகிற அவசரத்தில் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கிடைக்கக் கூடாது.

எல்லோரும் நான் தேடுகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் தேடவில்லை, சரிபார்க்கிறேன். அன்று திங்கட்கிழமை அப்பா கேட்டபோது நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "பஸ்ல ஏறும்போது கழுத்துல இருந்துச்சு." எனக்கு அது தெளிவாக நினைவிருக்கிறது. பஸ் குலுங்கும்போதெல்லாம் விசிலுக்குள் இருக்கிற சின்ன உருண்டை நெஞ்சில் கடகடவென்று உருண்டது. அந்தச் சத்தத்திலேதான் தூங்கினேன். அப்பா நம்பவில்லை. "மணல்ல போட்டுட்டு பஸ்மேல பழியா?" என்றார். அம்மாவும் நம்பவில்லை. முப்பது வயதுக்கு மேல் நானே பாதிதான் நம்பினேன். நாற்பத்தெட்டுக் கட்டத்தையும் மூன்று முறை பார்த்து, இல்லை என்றால், அது மணலில் விழவில்லை. அப்படியானால் பஸ்ஸில் இருந்தது. அப்படியானால் பதினொரு வயதில் நான் சொன்னது உண்மை. இதைச் சொல்ல யாரும் மிச்சமில்லை என்பது தெரியும். இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்று முப்பத்தொன்று மூன்றாவது முறை முடிந்தது. எதுவும் இல்லை. இவ்வளவு நல்ல பலனைப் பல் டாக்டர்கூடக் கண்டதில்லை. திங்கட்கிழமை முப்பத்திரண்டு.

பஸ் பயணத்தில் கால் வீங்கியிருந்தால் வெந்நீரில் வை.

அண்ணன்

ஏப்ரல் 28, கூரியரில்

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். உன் கடிதத்தை நேற்றே பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், என் கைக்கு இன்று மதியம்தான் வந்தது, ஞாயிற்றுக்கிழமை பார்த்து. அண்ணியின் போனுக்கு நாலு தடவை அடித்தேன். "பல் டாக்டருக்குத் துணையா மணல்ல இருக்கார், காதுல மூடி. இடி விழுந்தாலும் கேக்காது" என்றாள். முப்பத்திரண்டு வேண்டாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எனக்குச் சொல்ல வரவில்லை.

முப்பத்திரண்டை விட்டுவிடு. முப்பத்து மூன்றுக்குப் போ. அல்லது முப்பத்தொன்றோடு நிறுத்திக்கொள். இதுவரை பார்த்ததே போதும், பாதிக்கு மேல் பார்த்துவிட்டாய். அந்தப் பக்கம் மணல் சரிவாக இருக்கிறது, உன் முழங்காலுக்கு ஆகாது.

நான் சொல்வதை ஒரு தடவை கேள்.

தங்கை

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன்.

கிடைத்துவிட்டது. ஏப்ரல் 29, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பது. முப்பத்திரண்டாம் கட்டம், முதல் சரிபார்ப்பு, தென்மேற்கு மூலை, ஒரு சாண் ஆழம். மெல்லிய குரல், விக்கல் இல்லை. உன் கூரியர் மறுநாள் மாலை வந்தது.

முந்தின இரவே உன் அண்ணி சொல்லத்தான் செய்தாள். "முப்பத்திரண்டு வேண்டாமாம், உங்க தங்கச்சி சொன்னா." "ஏனாம்?" என்றேன். "சொல்லல." காரணம் எழுதாத விண்ணப்பத்தை நூலகத்தில் ஏற்பதில்லை. உனக்கு ஏதோ உள்ளுணர்வு இருந்திருக்கிறது. கேட்டிருக்கலாம்.

அப்படியே இருக்கிறது. ஓடுகிற மனிதன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். உள்ளே உருண்டை உருள்கிறது. உப்பு அதைத் தொடவே இல்லை. பல் டாக்டர் வாங்கி மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துப் பித்தளை அப்படி" என்றார், மரியாதைக்குச் சொல்வது போல. நான் மேலே கேட்கவில்லை. தீர்ப்புக்காக ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தவன் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

ஆக, அப்பா சொன்னது சரி. மணலில்தான் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் நெஞ்சில் உருண்டது என்று நான் வைத்திருந்த நினைவு, பயத்தில் ஒரு பையன் செய்துகொண்டது. நன்றாகத்தான் செய்திருக்கிறான். இத்தனை நாள் ஓடியது.

கருவியைப் பரண்மேல் வைத்துவிட்டேன். குச்சிகளைப் பிடுங்கவில்லை. வீட்டுச் சாவியையும் பாங்க் புத்தகத்தையும் உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். "எனக்கெதுக்கு? இத்தனை நாளா நீங்கதானே வச்சிருந்தீங்க?" என்றாள். "என்கிட்ட குடுக்காதே" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இல்லை என்பது தெரியும். நானும் இல்லை. ஆகவே நேராக எழுதுகிறேன்.

விசிலை அங்கே புதைத்தது நான். ஏப்ரல் பதினெட்டாம் தேதி விடியற்காலை. சூரியனைப் பார்க்கப் போகவில்லை. குச்சியில் எண்ணைப் பார்த்து, கையாலே தோண்டி வைத்தேன். அடுத்த வாரம் நீ அந்தக் கட்டத்துக்கு வருவாய், எடுப்பாய், சந்தோஷப்படுவாய், கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். கிடைக்கக் கூடாது என்று நீ தேடுகிறாய் என்பது எனக்குத் தெரியாது. யாருக்கு அண்ணா அது தெரியும்?

அது ஐம்பத்தைந்து வருஷமாக என்னிடம்தான் இருந்தது. முதலில் பென்சில் பெட்டியில், பிறகு துணிப்பெட்டியின் அடியில், கல்யாணத்துக்குப் பிறகு பொத்தான் டப்பாவில். வருஷத்துக்கு ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைப்பேன்.

பஸ்ஸில் உன் கழுத்தில் இருந்தது. நீ சொன்னது அத்தனையும் உண்மை. உருண்டை கடகடவென்று உருண்டது எனக்கும் கேட்டது. நீ ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாய். நான் கயிற்றை உன் காதுக்கு மேலாக மெதுவாகக் கழற்றினேன். வேறு எதற்கும் இல்லை. மறுநாள் விடுமுறையின் கடைசி நாள். ஒரே ஒரு நாள் ஐந்து மணிக்கு விசில் இல்லாமல் தூங்க வேண்டும், ராத்திரி உன் தலையணைக்கு அடியில் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று திட்டம்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அப்பா வந்து கையைத் தட்டினார். நாம் எழுந்துவிட்டோம். அதாவது, திருடியதில் பிரயோஜனமே இல்லை. நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா உன்னிடம், "விசில் எங்கே?" என்றார். நீ கழுத்தைத் தடவினாய். "பஸ்ல இருந்துச்சுப்பா." என் வாய் நிறைய நுரை. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அப்பா உள்ளே போய்விட்டார். நீ மட்டும் நின்றுகொண்டிருந்தாய்.

அவ்வளவுதான் அண்ணா. அப்புறம் அது பெரிதாகிக்கொண்டே போனது, நான் அதற்கு ஏற்ற பெட்டியாக மாற்றிக்கொண்டே போனேன்.

டிசம்பரில் வரட்டுமா என்று போன வாரம்வரை கேட்க நினைத்திருந்தேன். இப்போது கேட்கவில்லை.

பொடிசு

ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாகிறது. அண்ணியிடம் போனில் கேட்டேன். "சாப்பிடறார், படிக்கறார், காலைல வெளிய போறார். உன் கடிதத்தைச் சட்டைப் பைல வச்சிருக்கார். என்னன்னு சொல்லல" என்றாள். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நலமாக இரு.

உன் தங்கை

ஆகஸ்ட் 16

அன்புள்ள பொடிசுக்கு,

முழங்கால் ஒன்று தேவலை, இன்னொன்று அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. அண்ணி நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். கூடவே வேலையும் இருந்தது. முப்பத்திரண்டாம் கட்டத்தின் பதிவை ரத்து செய்ய வேண்டியிருந்தது: பொருள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது, மறுசரிபார்ப்பு தேவை. மறுபடி மூன்று முறை செய்தேன். பிறகு மிச்சமிருந்த பதினாறையும் செய்தேன். உன் வாக்குமூலம் இருக்கும்போது எதற்கு என்று கேட்பாய். இடையில் நிறுத்திய சரிபார்ப்பு சரிபார்ப்பு ஆகாது. நேற்று முடிந்தது. நாற்பத்தெட்டுக் கட்டம், நூற்று நாற்பத்து நான்கு முறை, ரத்தான அந்த ஒன்றையும் சேர்த்தால் நூற்று நாற்பத்தைந்து. எதுவும் இல்லை.

ஏழு வயதுக் குழந்தைமேல் எனக்கு வழக்கு கிடையாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். தூக்கம் வேண்டும் என்று நினைத்ததும் நியாயம்தான். எனக்கும் வேண்டியிருந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உனக்கு இருபது வயதும் ஆனது. முப்பதும் ஆனது. ஆஸ்பத்திரியில் அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நான் கையை நீட்டினேன். "அவன்கிட்ட வேண்டாம், தொலைச்சுடுவான்" என்று உன்னிடம் கொடுத்தார். அவர் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான். அன்று உனக்கு நாற்பது வயது. வாய் கொப்பளித்து நெடுநாளாகியிருந்தது.

இந்த ஒன்றைக் கழித்துப் பார்க்கத்தான் இரண்டரை மாதம் ஆனது. முழுதாகக் கழியவில்லை. மிச்சத்தை அப்படியே வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

நேற்று மாலை உன் கடிதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"பாத்தியா? பஸ்ல கழுத்துல இருந்திருக்கு" என்றேன்.

"நீங்கதான் கல்யாணமான புதுசுலயே சொன்னீங்களே."

"நம்பினியா அப்ப?"

"நம்பாம என்ன? நாலு ரூம் வீட்ல எந்த ஊசி எங்க இருக்குன்னு சொல்ற மனுஷன், கழுத்துல இருந்ததைத் தெரியாமலா சொல்வீங்க?"

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

முப்பத்தெட்டு ஆண்டாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறது அது. நான் அந்த அலமாரியைப் பார்க்கவில்லை.

அவள் போனதும் விசிலை ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருக்கிறது. உடனே முதுகு நேராகிவிட்டது. சமையலறையிலிருந்து, "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். கொஞ்ச நேரம் அப்பாவும் கொல்லையும் நாம் இருவர் நின்ற வரிசையும் அறையில் இருந்தன. நீ வரிசையில் எனக்கு இடதுபுறம் நிற்பாய், அரைத் தூக்கத்தில், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையா கயிற்றைக் கழற்றியது என்று நினைத்தேன். அந்தக் கைதான்.

டிசம்பரில் வா. கேட்காமலே வா.

அண்ணன்

செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் படித்ததால் அழ வசதிப்படவில்லை. பிறகு வீட்டில் வசதியாக அழுதேன். நலம்.

நீ எழுதியதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் நானும் வாயைத் திறந்தேன் அண்ணா. அப்பா கண்ணை மூடிவிட்டார். இது காரணம் இல்லை, நடந்தது.

கைக்கடிகாரத்தை ஆள் மூலம் அனுப்பியிருக்கிறேன். தபாலை நம்பவில்லை. என்னிடம் இருந்த இருபத்திரண்டு வருஷமும் அது ஓடவில்லை. சாவி கொடுத்தால் ஓடும் என்று நினைக்கிறேன். நான் கொடுத்ததில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் மாப்பிள்ளையும் வருகிறார். மிஷினைச் சுவரோடு கட்டிவிட்டோம்.

பொடிசு

அக்டோபர் 11

அன்புள்ள பொடிசுக்கு,

இங்கே எல்லோரும் நலம், இந்தத் தடவை இரண்டு முழங்காலும் சேர்த்து. மாப்பிள்ளைக்கு இருமல் என்று அண்ணி சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்.

கைக்கடிகாரம் பத்திரமாக வந்தது. சாவி கொடுத்தேன், ஓடுகிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்குகிறது. பழுது பார்க்கிறவர் சரிசெய்து தருகிறேன் என்றார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடற்கரையில் குச்சிகளையெல்லாம் பிடுங்கிவிட்டேன். கருவியைப் பல் டாக்டரின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் வாரமே ஒரு மோதிரம் எடுத்துவிட்டாள். டாக்டருக்கு இரண்டு நாள் பேச்சில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறோம். நீங்கள் வருவதற்குள் வாசனை போய்விடும். எத்தனை மணி பஸ் என்று எழுது.

செவ்வாய்க்கிழமை வெளியே போயிருந்தபோது குடையை எங்கோ விட்டுவிட்டு வந்தேன். எங்கே என்று ஞாபகம் இல்லை. நேற்று உன் அண்ணியோடு போய் வேறு ஒன்று வாங்கினோம்.

அண்ணன்